பார்க்கின்சன் நோயில் அசைவு சார்ந்த மூளை அலைகளைப் பதிவு செய்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் மின்வாய்த் தொப்பியை மாட்டி, "உங்களுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை ஒருமுறை மேலே தூக்குங்கள்" என்று சொல்லிப் பதிவு செய்வது பார்ப்பதற்கு எளிய வேலை. கருவி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே திரையில் அலைகள் ஓடத் தொடங்கிவிடும். அந்த அலைகளில் எது மூளையினுடையது, எது கழுத்துத் தசையினுடையது, எது நடுங்கும் கையோடு சேர்ந்து ஆடிய கம்பியினுடையது என்று பிரிப்பதும், அசைவு எந்தக் கணத்தில் தொடங்கியது என்று சரியாகக் குறிப்பதும்தான் கடினமான பகுதி. இந்தத் துறையில் முரண்பட்ட முடிவுகள் வருவதற்குக் கருவியைவிட இரண்டு விஷயங்களே பெரும்பாலும் காரணமாகின்றன என்பது என் கருத்து: ஒன்று, பதிவின்போது நோயாளி மருந்தின் எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பது, மற்றொன்று, அசைவுக்கு முன்னும் பின்னும் நேரத்தை எண்ணத் தொடங்கும் பூச்சிய நொடியாக எதை எடுத்துக்கொண்டோம் என்பது. இந்தக் கட்டுரை தலைமேல் மின்வாய் வைத்து எடுக்கும் மூளை மின்னலைப் பதிவை, அதாவது இ.இ.ஜி.யை, மையமாகக் கொண்டது.

எதைத் தேடுகிறோம்

ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். 1949இல் ஜாஸ்பரும் பென்ஃபீல்டும், அறுவை சிகிச்சையின்போது திறந்திருந்த மூளைப் பரப்பில், ஓய்வில் ஓடிக்கொண்டிருந்த பீட்டா அலை கையை மடக்கியதும் அடங்குவதைக் கண்டனர். இன்று நாம் அளப்பது பெரும்பாலும் அந்த அடங்குதலைத்தான். ஆரோக்கியமானவர் தாமாக ஒரு விரலை அசைக்கும்போது, அசைவுக்கு ஏறத்தாழ 2 நொடிகளுக்கு முன்பிருந்தே எதிர்ப்புற இயக்கப் புறணியின்மேல் (அசைவை ஆளும் மூளை மேற்பரப்பின்மேல்) 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையான பீட்டா அலையின் ஆற்றல் குறையத் தொடங்கும். அசைவு நடக்கும்போது அது மிகக் குறைந்த நிலையில் இருக்கும். அசைவு முடிந்து அரை நொடி முதல் ஒரு நொடிக்குள் பழைய அளவையும் தாண்டி மேலே எழும்பும். முதலாவதைப் பீட்டாத் தணிவு என்றும் இரண்டாவதைப் பீட்டா மீளெழுச்சி என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

பார்க்கின்சன் நோயில் அசைவுக்கு முந்தைய தணிவு தாமதமாகவே, அதாவது அசைவுக்கு மிக அருகில் வந்தபிறகே, தொடங்குகிறது. மீளெழுச்சியும் குன்றியிருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை இவற்றை ஓரளவு சீராக்குகிறது. இவற்றோடு, 1965இல் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் விவரித்த ஆயத்த மின்னழுத்தம் என்ற மெதுவான எதிர்மின் சரிவும் உண்டு. அது சில மைக்ரோவோல்ட் அளவே உள்ளதால், பல அசைவுகளைச் சராசரி எடுத்தால்தான் தெரியும். இரண்டையும் ஒரே பதிவிலிருந்து எடுக்கலாம். ஆனால் வடிகட்டும் முறை வேறு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வேறு கருவிகளைப் பற்றி ஒரு சொல். காந்த அதிர்வுப் படக்கருவி ஆழமான பகுதிகளையும் காட்டும். ஆனால் அது காண்பது இரத்த ஓட்ட மாற்றத்தை, அதுவும் நிகழ்வுக்கு 5, 6 நொடிகளுக்குப் பிறகு உச்சம் பெறும் மாற்றத்தை. அசைவுக்கு முந்தைய நொடிகளின் கதையை அதில் வாசிக்க முடியாது. தலை நடுங்கினால் படமும் கெடும். நடந்துகொண்டே அளக்க வேண்டுமானால் அகச்சிவப்பு ஒளி முறை உதவும். நேரம் முக்கியமென்றால் இ.இ.ஜி. அல்லது மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் பதிவுதான்.

முதல் படி: மருந்தின் கணக்கு

பதிவுக்கு முந்தைய வாரமே நோயாளியின் முழு மருந்துப் பட்டியலையும் வாங்கிவிட வேண்டும். லெவோடோபாவின் அளவையும் நேரத்தையும் எல்லோரும் கேட்பார்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கப்படும் குளோனசிபாம் போன்ற மருந்துகளைக் கேட்க மறந்துவிடுவார்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் கணிசமானோருக்குக் கனவு காணும்போது கைகால்களை வீசும் தொந்தரவு இருப்பதால் இந்த மருந்து அவர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. அந்த வகை மருந்துகள் தாமாகவே பீட்டா அலையைக் கூட்டிவிடும். பீட்டா கூடியிருப்பது நோயினாலா, இரவு போட்ட மாத்திரையினாலா என்று பிறகு உட்கார்ந்து யோசிப்பதில் பயனில்லை.

ஆஃப் நிலை எனப்படும், மருந்தின் பலன் இறங்கிய நிலையில் பதிவு செய்ய விரும்பினால், முந்தைய இரவுடன் லெவோடோபாவை நிறுத்தி, குறைந்தது 12 மணி நேரம் கழித்துக் காலையில் பதிவு செய்வதே வழக்கம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளுக்கும் டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்துகளுக்கும் இந்த இடைவெளி போதாது. அவற்றின் பலன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். எதை, எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை நோயாளியின் நரம்பியல் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். திடீரென நீண்ட நேரம் மருந்தை நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் சேர்ந்த, உயிருக்கே ஆபத்தான நிலை உண்டாகலாம். எழுத்து மூலமான ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் இந்தப் படியைத் தொடவே கூடாது. ஆஃப் நிலையில் உள்ளவர் ஆய்வுக்கூடத்துக்குத் தனியாக வரக் கூடாது என்பதையும், மாத்திரை அவருடைய கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

மாத்திரை போட்டதும் ஆன் நிலை, அதாவது மருந்து பலன் தரும் நிலை, வந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பலருக்கு அது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். வயிற்றின் இயக்கம் மந்தமாக உள்ளவர்களுக்கு இன்னும் நீளும். "இப்போது மருந்து பிடித்துவிட்டது" என்று நோயாளி சொல்வதையும், இயக்கச் சோதனை மதிப்பெண் இறங்கியிருப்பதையும் சேர்த்தே கொள்ள வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்ற அளவுகோலின் மூன்றாம் பகுதியான இயக்கச் சோதனை 18 கூறுகளைக் கொண்டது, மொத்தம் 132 மதிப்பெண்; ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதே சோதனையாளரே அதைச் செய்வது நல்லது. இன்னொன்று: ஒரே நாளில் எடுத்தால் எப்போதும் ஆஃப் முதலிலும் ஆன் இரண்டாவதாகவும்தான் அமையும். இரண்டாம் பதிவில் களைப்பும் பழக்கமும் கூடியிருக்கும். முடிந்தால் இரண்டு வெவ்வேறு நாள்களில், பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தொப்பியும் கம்பிகளும்

மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்தலையின் மேடு வரை நாடாவால் அளந்து, அதன் நடுவிலும், இரு காதுகளுக்கு முன்னுள்ள பள்ளங்களை இணைக்கும் கோட்டின் நடுவிலும் சேரும் புள்ளியில் சி.இசட். மின்வாய் அமைய வேண்டும். முன்பின் அளவு 36 செ.மீ. என்றால் அது 18 செ.மீ.இல் வரும். தொப்பி தலைக்குப் பொருந்தியது போலத் தோன்றினாலும் இந்த ஓர் அளவை எடுக்காமல் இருக்கக் கூடாது, ஒன்றரை செ.மீ. நழுவினால் இடது, வலது அரைமூளைகளின் கைப் பகுதிகளின்மேல் உட்கார வேண்டிய சி-3, சி-4 மின்வாய்கள் வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கும். சாதாரண மின்வாய்களுக்கு மின்மறுப்பை, அதாவது தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலுள்ள மின்தடையை, 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உள்ளேயே பெருக்கி பொருத்திய மின்வாய்கள் இதைவிட அதிகத்தையும் தாங்கும்.

நடுக்கம் உள்ளவரிடம் தனியாகச் செய்ய வேண்டியது கம்பிகளைக் கட்டுவது. மின்வாய்க் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, தோளில் ஒரு துண்டு மருத்துவ நாடாவால் ஒட்டி, நடுங்கும் கையின் பக்கமாக இறங்காதபடி நாற்காலியின் பின்புறம் விட வேண்டும். நாற்காலியின் கைப்பிடியில் கம்பி உரசினால் 5 ஹெர்ட்ஸில் அழகான சீரான அலை ஒன்று எல்லாத் தடங்களிலும் வரும்; புதியவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்துபோவதுண்டு. கழுத்துக்குப் பின்னால் ஒரு சிறு சுருட்டிய துணியை வையுங்கள். ஆனால் தலை அதில் அழுந்திப் பின்தலை மின்வாய்களைத் தள்ளக் கூடாது.

தலையில் மட்டும் மின்வாய் வைத்தால் வேலை பாதிதான். அசையும் கையின் முன்கையில், மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின்மேல், 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு மேற்பரப்பு மின்வாய்களை ஒட்டி, தசை மின்பதிவை அதே பெருக்கியில் அதே கடிகாரத்தில் எடுக்க வேண்டும். அசையாத கையிலும் ஒரு சோடி வையுங்கள். பார்க்கின்சன் நோயில் ஒரு கையை அசைக்கும்போது மறு கையிலும் நிழல்போல ஓர் அசைவு வருவதுண்டு. அது வந்தால் இரண்டு புறணிகளும் வேலை செய்யும், நீங்களோ மூளையின் இருபக்கச் செயல்பாடு என்று எழுதிவிடுவீர்கள். முடிந்தால் கையின்மேல் அசைவை உணரும் சிறிய முடுக்கமானி ஒன்றையும் ஒட்டுங்கள். மாதிரி எடுப்பு வீதம் நொடிக்கு 1000 இருக்கட்டும்.

மூளையின் ஆழத்தில் மின்வாய் வைத்து மின்துடிப்பு கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல் கருவி பொருத்தப்பட்டவர்களை முதல் பதிவுகளில் சேர்க்க வேண்டாம். பொதுவாக 130 ஹெர்ட்ஸ் அளவில் ஓடும் அதன் துடிப்பு பதிவை மூடிவிடும் என்பது ஒரு காரணம். மண்டையோட்டில் போட்ட துளைக்கு மேலே அலைகள் பெரிதாகத் தெரியும் என்பது பலர் கவனிக்காத இன்னொரு காரணம்.

மூன்றாம் படி: என்ன செய்யச் சொல்வது

அசைவைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் தேவை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்வது மருத்துவமனையில் பழகிய சோதனைதான். ஆனால் நொடிக்கு இரண்டு முறை தட்டிக்கொண்டே இருந்தால் பீட்டா முழுநேரமும் தணிந்தே கிடக்கும், மீளெழுச்சிக்கு இடமே இருக்காது. ஒற்றை அசைவு, பிறகு முழு ஓய்வு என்ற அமைப்பே புதியவருக்கு ஏற்றது. இரண்டு அசைவுகளுக்கு இடையில் 8 முதல் 12 நொடிகள் வேண்டும். 60 அசைவுகள் என்றால் ஒரு கைக்கு ஏறத்தாழ 10 நிமிடம். 20 அசைவுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

இடைவெளியை நோயாளி மனத்துக்குள் எண்ணக் கூடாது. எண்ணினால் உதடும் தாடையும் லேசாக அசையும். காதுக்கு மேலுள்ள மின்வாய்களில் அது உடனே தெரியும். "எண்ணாதீர்கள், அவசரப்படாதீர்கள், கை தானாகத் தூக்கட்டும்" என்று சொல்லி, முதல் ஐந்தாறு அசைவுகளைப் பழக்கத்துக்கு விட்டுவிட வேண்டும்.

ஒலியோ ஒளியோ கொடுத்து அசைக்கச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அப்போது அளப்பது வேறொன்று. கால் உறைந்து நின்றுவிடும் ஒருவர் தரையில் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவது இந்த நோயில் எல்லோருக்கும் தெரிந்த விந்தை. தாமாகத் தொடங்குவதுதான் இங்கே கடினம். வெளியிலிருந்து வரும் குறி அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக வழி கொடுக்கிறது. எனவே ஒலி கேட்டு அசைத்த பதிவையும் தாமாக அசைத்த பதிவையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

அசைவுப் பதிவுக்கு முன்னால் கண்ணைத் திறந்தபடி 3 நிமிட ஓய்வுப் பதிவு ஒன்றையும், "பல்லைக் கடியுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள், கழுத்தைத் திருப்புங்கள்" என்று சொல்லி ஒரு நிமிடக் குறும்புப் பதிவு ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிடம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: பூச்சிய நொடி

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தச் சொல்லி, அழுத்திய கணத்தைப் பூச்சியமாக வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. ஆனால் தசை சுருங்கத் தொடங்கிய கணத்திலிருந்து பொத்தான் அழுந்தும் கணம் வரை ஆகும் நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆரோக்கியமானவருக்கு அது 100 மில்லிநொடி, அசைவு மந்தமான நோயாளிக்கு 250 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். பொத்தானைப் பூச்சியமாகக் கொண்டால் நோயாளியின் மூளையில் நிகழ்ந்த எல்லாமே 150 மில்லிநொடி முன்னால் நிகழ்ந்தது போலத் தெரியும். தணிவு தாமதமாகத் தொடங்குகிறது என்ற உண்மையையே இந்தப் பிழை தின்றுவிடக்கூடும். அதோடு அவருடைய அசைவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேகத்தில் இருப்பதால், சராசரி எடுத்தவுடன் கூர்மையான மாற்றங்கள் மழுங்கிப்போகும். அந்த மழுங்கலை நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவோம்.

ஆகவே தசை மின்பதிவின் தொடக்கத்தையே பூச்சியமாகக் கொள்ளுங்கள். தசைப் பதிவை 20 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டி, எதிர்ம மதிப்புகளை நேர்மமாக்கி, ஓய்வு நேரச் சராசரியையும் அதன் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கையும் கூட்டி வரும் எல்லையை அலை தாண்டி, 50 மில்லிநொடியாவது அதற்கு மேலேயே நிற்கும் முதல் கணத்தைத் தேடும்படி கணினிக்குச் சொல்லலாம். நடுக்கம் இல்லாதவரிடம் இது ஒழுங்காக வேலை செய்யும். நடுக்கம் உள்ளவரின் ஓய்வு நேரமே நொடிக்கு 4 முதல் 6 தசை வெடிப்புகளால் நிறைந்திருக்கும். எல்லை மிக உயரத்துக்குப் போய்விடும், அல்லது ஒரு நடுக்க வெடிப்பையே அசைவு என்று கணினி பிடித்துக்கொள்ளும். அங்கே 60 அசைவுகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் விரித்து, முடுக்கமானிப் பதிவையும் அருகில் வைத்துக் கண்ணால் குறிப்பதைத் தவிர வழியில்லை. குறிப்பவருக்கு அது யாருடைய பதிவு, ஆன் நிலையா ஆஃப் நிலையா என்பது தெரியக் கூடாது. அலுப்பான ஒரு பிற்பகல்தான், ஆனால் முழு ஆய்விலும் இதற்கு இணையான பயன் தரும் வேறு பிற்பகல் இல்லை.

மீளெழுச்சிக்குப் பூச்சியம் வேறு. அது அசைவின் முடிவோடு பிணைந்தது. ஆதலால் தசை அடங்கிய கணத்தைத் தனியாகக் குறித்து, அதை மையமாக வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட நேரம் அசைத்தவருக்கு மீளெழுச்சி தாமதம் என்ற பொய்யான முடிவு வரும்.

ஐந்தாம் படி: தூய்மைப்படுத்துதல்

பீட்டாவுக்காக 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டி எறியலாம். ஆயத்த மின்னழுத்தம் வேண்டுமென்றால் அப்படிச் செய்யக் கூடாது. அந்தச் சரிவே 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் நீங்கள் தேடுவதையே கழுவிவிடுவீர்கள். மின்வழங்கல் இரைச்சல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருக்கும், பீட்டாவைத் தொடாது. கண் சிமிட்டலைச் கலந்த அலைகளைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் சார்பற்ற கூறுப் பகுப்பாய்வால் நீக்கிவிடலாம்.

தசை இரைச்சல்தான் தந்திரமானது. தலை, கழுத்து, தாடைத் தசைகளின் மின்சாரம் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்தே கலக்கத் தொடங்கும். அது பீட்டாவின் நடுப்பகுதி. பார்க்கின்சன் நோயாளியின் கழுத்து விறைத்திருக்கும், தாடை நடுங்கவும் கூடும். ஆக நோயாளிக் குழுவில் மட்டும் போலிப் பீட்டா கூடிவிட வாய்ப்புண்டு. பிரித்தறிய ஒரு வழி: உண்மையான பீட்டா சி-3, சி-4 சுற்றில் ஒரு மேடாக எழும், தசை இரைச்சல் காதோர மின்வாய்களில் அகலமாகப் பரவி, அதிர்வெண் கூடக் கூடக் குறையாமல் நிற்கும். முன்பு எடுத்த குறும்புப் பதிவை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

நடுக்கத்தின் அதிர்வெண்ணை மட்டும் வெட்டி எறிந்துவிடலாமே என்று தோன்றும். 5 ஹெர்ட்ஸ் நடுக்கத்தின் இரட்டை 10 ஹெர்ட்ஸில் விழும். அது இயக்கப் புறணியின் மியூ அலை இருக்கும் இடம். மேலும் நடுக்கத்தின்போது எதிர்ப்புறப் புறணியிலேயே நடுக்க அதிர்வெண்ணிலும் அதன் இரட்டையிலும் உண்மையான மூளைச் செயல்பாடு உண்டு, தசைப் பதிவோடு அது ஒத்திசையும். எல்லாத் தடங்களிலும் ஒரே மாதிரி வந்தால் கம்பியின் வேலை. ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்தால் யோசியுங்கள்.

ஆறாம் படி: கணக்கு

தணிவைக் கணக்கிடும் வழி நேரடியானது: அசைவு நேர ஆற்றலிலிருந்து ஒப்பீட்டு நேர ஆற்றலைக் கழித்து, ஒப்பீட்டு நேர ஆற்றலால் வகுத்து, நூறால் பெருக்குவது. ஒப்பீட்டு நேரம் 8 அலகு, அசைவின்போது 5 என்றால் தணிவு 37.5 விழுக்காடு, பிறகு 10க்கு ஏறினால் மீளெழுச்சி 25 விழுக்காடு. ஒப்பீட்டு நேரத்தை அசைவுக்கு 5 முதல் 3 நொடி முன்பாக எடுங்கள். கடைசி 2 நொடிக்குள் எடுத்தால் தணிவு ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

விழுக்காட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் 8இலிருந்து 4க்கு இறங்கினார்: 50 விழுக்காடு. மற்றவர் 5இலிருந்து 4க்கு இறங்கினார்: 20 விழுக்காடு. அசைவின்போது இருவரின் புறணியும் ஒரே அளவில்தான் இருக்கிறது, வேறுபாடு ஓய்வில். மருந்தும் நோயும் ஓய்வு நிலைப் பீட்டாவையே மாற்றக்கூடியவை என்பதால், விழுக்காட்டோடு அசல் ஆற்றலையும் எப்போதும் சேர்த்தே தர வேண்டும். நோய் எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பாருங்கள். இடது, வலது என்று மட்டும் பிரித்துச் சராசரி எடுத்தால், ஒருவரின் நல்ல கையும் மற்றவரின் மோசமான கையும் கலந்துபோகும்.

தலைமேல் காணும் பீட்டாவை, ஆழத்திலுள்ள சப்தலாமிக் உட்கருவின் பீட்டா என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஆஃப் நிலையில் பீட்டா ஓங்கியிருப்பதும், லெவோடோபாவால் அது இறங்கும்போது விறைப்பும் மந்தமும் தளர்வதும், ஆழ்மூளைத் தூண்டலுக்காக உள்ளே வைத்த மின்வாய்கள் வழியாக நேரடியாக அளக்கப்பட்டவை. இ.இ.ஜி. தொப்பிக்கு அவ்வளவு ஆழம் கேட்காது. ஒருவருடைய தணிவு குறைவு என்பதை வைத்து அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்றும் சொல்ல முடியாது. குழுக்களுக்கிடையில் தெரியும் வேறுபாடு அது.

கடைசியாக ஒரு சோதனை. குழு வேறுபாடு கிடைத்ததும் எழுத உட்காராமல், அதே தரவை மூன்று பூச்சியங்களில் திரும்ப ஓட்டிப் பாருங்கள்: தசைத் தொடக்கம், முடுக்கமானியில் அசைவு தெரிந்த கணம், பொத்தான் அல்லது அசைவின் உச்சம். மூன்றிலும் வேறுபாடு ஒரே திசையில் நின்றால் வைத்துக்கொள்ளலாம். பொத்தானில் மட்டும் தெரிந்து தசைத் தொடக்கத்தில் மறைந்தால், நீங்கள் அளந்தது கை எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதை. அதற்குத் தொப்பி தேவையில்லை, முடுக்கமானி ஒன்றே போதும்.